ஐம்பத்தெட்டுக் கிலோ ஆள்

விக்னராஜாவுக்கு எதையும் கேட்காமல் விடத் தெரியாது. கொழும்பில் படவரைஞராக இருந்த காலத்திலேயே மேலதிகாரிகளுக்கு அவனால் தலைவலிதான். எழுபத்தாறாம் ஆண்டு ஒக்டோபரில், மெல்பேர்ணுக்குக் கிழக்கே மலையடிவாரத்தில், காட்டுத்தீ அணைக்கும் ஹெலிகொப்டர் குழுவில் பருவகால வேலைக்குச் சேர்ந்தான். அங்கேயும் அதே கதை. விசிறி ஏன் சாய்கிறது, எரிகிற மரப்பட்டை எவ்வளவு தூரம் பறக்கும் என்று நோண்டி நோண்டிக் கேட்டான். விமானி பிரையன் மட்டும் சலிக்காமல் பதில் சொன்னார்.

அந்தக் குழுவில் ஒரு நடைமுறை இருந்தது. ஏறுமுன் ஒவ்வொருவரும் தன் எடையை உரக்கச் சொல்ல வேண்டும். பிரையன் மனதுக்குள் கூட்டிப் பார்த்து, எவ்வளவு தண்ணீர், எத்தனை மண்வெட்டி ஏற்றலாம் என்று முடிவு செய்வார். தராசு கொட்டகை மூலையில் கிடந்தது. வேலைக்குச் சேர்ந்த அன்று ஏறியதோடு சரி, அதன்பிறகு வாய்ச்சொல்தான். பிரையனைத் தவிர்த்து, கூட ஏறும் மற்ற மூவரும் தடியன்கள். அந்தச் சின்ன ஹெலிகொப்டரில் நாலாவதாக ஓர் ஒல்லி ஆளைத்தான் ஏற்ற முடியும். விக்னராஜாவை எடுத்ததே அதற்காகத்தான். அவன் பெயர் வாயில் நுழையாததால் எல்லோரும் அவனை 'ஐம்பத்தெட்டு' என்றே கூப்பிட்டார்கள்.

கோடை முடிந்ததும் அந்த நாலாவது இடத்தை நிரந்தரமாக்கி அவனுக்கே தருவதாகக் குழுத்தலைவர் கெவின் சொல்லியிருந்தார். இல்லாவிட்டால் பழையபடி டயர்த் தொழிற்சாலைதான். அந்த ரப்பர் நாற்றத்தை நினைத்தாலே அவனுக்குக் குமட்டும். மெல்பேர்ண் புறநகரான மல்கிரேவில் கைக்குழந்தையோடு தனியாக இருந்த அவன் மனைவி கமலினியும் அந்த ஒரு செய்திக்காகத்தான் காத்திருந்தாள்.

முகாம் சமையற்காரியோ விடியும் முன்பே இறைச்சியும் முட்டையுமாய்த் தட்டை நிரப்பிவிடுவாள். தைப்பொங்கலுக்குள் காற்சட்டை இடுப்பில் இறுகியது. ஆளில்லாத நேரம் பார்த்துத் தராசில் ஏறினான். அறுபத்தேழு. இறங்கித் திரும்பவும் ஏறினான். தராசு மனம் மாறவில்லை. மறுநாள் வாய் கூசாமல் "ஐம்பத்தெட்டு" என்றான்.

பெப்ரவரியில் வெயில் மண்டையைப் பிளந்தது. ஒருநாள் ஹெலிகொப்டர் மர உச்சிகளை உரசுவதுபோல் திணறித்தான் எழும்பியது. மறுநாள் அதைவிட உயரமான முகட்டில் தீ. ஏறப் போகும் நேரத்தில், நேற்று ஏன் அப்படித் திணறியது என்று அவன் பிரையனிடம் கேட்டான். அதைக் கேட்காமல் இருந்திருந்தால் வேலை தப்பியிருக்கும்.

"சூட்டில் காற்று மெல்லிசாகிவிடும், விசிறிக்குப் பிடி கிடைக்காது" என்றார் பிரையன். "உயரம் கூடினால் இன்னும் மோசம். ஆனால் என் கணக்குப்படி நேற்று அது சுலபமாக எழும்பியிருக்க வேண்டும். எங்கே பிசகியது என்றுதான் எனக்கு விளங்கவில்லை."

விக்னராஜாவுக்கு விளங்கிவிட்டது. கமலினியின் முகம் ஒருமுறை வந்து போனது. "நான் ஐம்பத்தெட்டு இல்லை" என்றான். "அறுபத்தேழு."

மற்ற மூவரும் தங்கள் சப்பாத்துகளைக் குனிந்து பார்த்தார்கள். பிரையன் தராசை இழுத்து வந்து வைத்தார். ஒருவன் பாக்கியில்லை, எல்லோரும் பெருத்திருந்தார்கள்.

பிரையன் இரண்டு பேரை மட்டும் ஏற்றிக்கொண்டு கிளம்பினார். ஹெலிகொப்டர் தூசி கிளப்பி, மரங்களுக்கு மேலே தாராளமாக எழுந்து போனது. தரையில் நின்ற விக்னராஜா அது எந்த இடத்தில் மூக்கைத் தாழ்த்தித் திரும்புகிறது என்று கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தான்.

கெவின் கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பான். அவர் அவன் தோளில் கைவைத்து, நாலாவது இடத்துக்கு ஒல்லியான ஆள்தான் சரிவரும், இனி வேறு ஒருவனைத்தான் தேட வேண்டும் என்றார்.

பின்னேரம் தபால்கந்தோர் வாசலில் இருந்த தொலைபேசிக் கூண்டுக்குள் போய் வீட்டுக்கு எடுத்தான்.

"நிரந்தரமாக்கிப் போட்டினமோ?" என்று கேட்டாள் கமலினி.

"இல்லை. எனக்கு நிறை கூடிப்போச்சுது. அவைக்குத் தெரியாது, நான்தான் சொன்னனான்."

அந்தப் பக்கம் குழந்தை சிணுங்குவது கேட்டது.

"சொல்லாமல் ஏறியிருந்தால்?"

"இண்டைக்கு நாங்கள் அஞ்சு பேரும் மலையில கிடந்திருப்பம்."

கமலினி மூக்கை உறிஞ்சினாள். "சரி, வீட்டை வாங்கோ. இஞ்ச உங்களை ஒருத்தரும் நிறுத்துப் பாக்க மாட்டினம்."

அவ்வளவு நேரமும் அடக்கி வைத்திருந்த அழுகை விக்னராஜாவுக்கு அப்போதுதான் வந்தது.