உசுரு ஏறுற குப்பி

வாளியில் இருந்ததை லிண்டா கொல்லைக் குழியில் கவிழ்த்தாள். காப்பித்தூளைக் கரைத்தது போலக் கறுப்பாக விழுந்தது. காலையிலிருந்து அவள் புருஷன் கிளாட்சன் இதைத்தான் வாந்தியெடுக்கிறான். முந்தானையை மூக்கில் அழுத்திக்கொண்டு தண்ணீர் விட்டு அலசினாள். நாற்றம் போகவில்லை. வீட்டுக்குள்ளிருந்து வாள் சதையில் இறங்கும் சத்தம் வந்தது. பின்னாலேயே ஏதோ பேய் அலறியது.

ஈரல் முழுக்கக் கெட்டுப்போய், வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மதுரை ஆஸ்பத்திரியில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். வந்தவன், ஊதிய வயிறோடு தலையணைகளில் சாய்ந்து, கம்ப்யூட்டரில் விளையாடிக்கொண்டிருக்கிறான்.

பாம்பனில் அவன் பள்ளிக்கூடம் போன காலத்தில் வந்த விளையாட்டு அது. அப்போது கம்ப்யூட்டர் சென்டரில் மற்றவர்கள் ஆடுவதை முதுகுக்குப் பின்னால் நின்று பார்த்ததோடு சரி. அந்த வருஷமே அவன் அப்பா விசைப்படகில் ஏற்றிவிட்டார். படகோடு குடியும் சேர்ந்துகொண்டது. ஈஸ்டர் கழிந்து படுக்கையில் விழுந்த பிறகுதான் ராமநாதபுரத்திலிருந்து ஒரு பழைய கம்ப்யூட்டரை வரவழைத்து, அந்த விளையாட்டைத் தேடிப்பிடித்து ஏற்றினான். ஒரு வாள்வீரன் பாழடைந்த கோட்டைகளுக்குள் புகுந்து பேய்களை வெட்டுவான். வெட்ட வெட்ட அவனுக்குப் பலம் கூடும். புதுக் கவசம் கிடைத்தால் கிளாட்சன் லிண்டாவைக் கூவிக் கூப்பிடுவான். கல்யாணமான நாளிலிருந்து எந்தச் சந்தோஷத்துக்கும் அவளை அப்படிக் கூப்பிட்டதில்லை. போய்ப் பார்த்தால், திரையில் குடல் சரிந்த மிருகம் ஒன்று கிடக்கும்.

"நல்லாருக்குல்ல?" என்பான்.

"கருமம்" என்பாள்.

இன்றைக்கும் வாளியோடு உள்ளே வந்தபோது, திரையில் வீரன் ஒரு சிவப்புக் குப்பியை எடுத்து மடமடவென்று குடித்தான்.

"அங்கன போயும் குப்பியத்தான் குடிக்கிறீகளா?"

கிளாட்சன் சிரித்தான். பல்லிடுக்கில் ரத்தம். "இது வேற, லிண்டா. இதக் குடிச்சா உசுரு ஏறும்."

"அணைங்க. ஃபாதர் எண்ணெ பூச வாராரு."

"இந்தப் பாலத்த மட்டும் தாண்டிக்கிறேன்."

திரையில் இன்னொரு தலை தெறித்தது. அவன் வாயோரம் கறுப்பாக வழிந்தது. இரண்டையும் ஒன்றாகப் பார்க்க அவளால் முடியவில்லை. குனிந்து பிளக்கைப் பிடுங்கினாள்.

இருண்டுபோன திரையை அவன் பார்த்தபடி இருந்தான்.

"சேவ் பண்ணலயே" என்றான்.

அதன் பிறகு அவளிடம் அவன் பேசவில்லை. பங்குச்சாமியார் வந்து, சாகக்கிடப்பவர்களுக்குப் பூசும் எண்ணெயை நெற்றியில் பூசும்போது கண்ணை மூடினான். மத்தியானம் மூச்சு நின்றது.

மறுநாள் சவப்பெட்டி வந்தது. கூடவே அவனோடு படகில் போகும் இமானுவேலும் வந்தான். பக்கத்தில் வரும்போதே சாராய வாடை அடித்தது. பிணத்தின் மேல் விழுந்து, மூக்குச்சளி சட்டையில் ஒழுக ஒழுக அழுதான். அப்புறம் இடுப்பிலிருந்து ஒரு குவாட்டர் பாட்டிலை எடுத்து, கிளாட்சனின் விலாவோரம் சொருகப் போனான்.

"அவனுக்குப் புடிச்சது அண்ணி. கூட இருக்கட்டும்."

லிண்டா அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். பிசுபிசுவென்று வேர்த்திருந்தது அந்தக் கை.

"அவருக்குப் புடிச்சது இது இல்ல."

"பெறகு என்ன?"

செபமாலை சொல்லிக்கொண்டிருந்த பெண்கள் நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். லிண்டா பாட்டிலைப் பிடுங்கிக்கொண்டு போய்க் கொல்லைக் குழியில் ஊற்றினாள். வாந்தியும் சாராயமும் கலந்து எழுந்த நெடியில் அவளுக்கே வாந்தி வந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு எடுத்துவிட்டு, வாயைக் கொப்பளித்துவிட்டு வந்தாள்.

அடக்கம் முடிந்து திரும்பியதும் மாமியார் மிக்கேலம்மாள் அறை முழுக்கப் பினாயில் தெளித்தாள். மெத்தையை ஆள் வைத்துத் தூக்கிப் போட்டாயிற்று.

"ஏத்தா லிண்டா, இந்தச் சனியனையும் எடுத்து வெளிய போடு."

அவள் காட்டியது கீபோர்டை. லிண்டா அதை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து பார்த்தாள். இடுக்கெல்லாம் காய்ந்த கஞ்சி, முடி, கறுத்த துளிகள். எறும்பு ஊர்ந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டு தட்டினாள். பிறகு ஈரத்துணியால் ஒவ்வொரு பட்டனாகத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

இடது பக்கத்தில் நாலு பட்டன்களில் மட்டும் எழுத்தே இல்லை. வீரனை நடத்த நடத்த, கிளாட்சனின் விரல் பட்டுப் பட்டு வழுவழுவென்று தேய்ந்து, எண்ணெய் ஏறி மினுங்கின.

"இன்னுமா தொடைக்கிற?" என்றாள் மிக்கேலம்மாள்.

"ஆச்சு மாமி."

லிண்டா துணியை மடித்து, அந்த நாலையும் விட்டுவிட்டு, அடுத்ததைத் துடைத்தாள்.