வாடகை அண்ணன்

1

இந்தக் கதை என் மண்டையில் உதித்ததல்ல. ஒரு ஜாடி அய்வாருக்கு ஒப்புக்கொண்ட வேலையில் மிஞ்சியது. சுட்ட குடைமிளகாயை அரைத்துக் கிளறுகிற அந்தச் சிவப்பு விழுதை எங்கள் லெஸ்கோவாட்ஸ் சந்தையில் ரூமெனாவைப் போலச் செய்ய ஆள் கிடையாது. அதை ரொட்டியில் தடவித் தின்றுகொண்டேதான் இதை எழுதுகிறேன். தாளில் கறை தெரிந்தால் கண்டுகொள்ளாதீர்கள்.

முதலில் இப்படித் தொடங்கினேன்:

'பனி போர்த்திய அந்தக் காலையில், சந்தைக் கூரைகளுக்கு மேல் எழுந்த சூரியன் ரூமெனாவின் கண்ணீர்த் துளிகளை—'

கடைக்குக் கொண்டுபோய் அவளிடம் காட்டினேன். தராசிலிருந்து கையை எடுக்காமலே படித்தாள்.

"ஆகஸ்ட் மாசத்துல ஏதுண்ணே பனி? நான் எப்ப அழுதேன்?"

பனியை அவள் அடித்தாள். சூரியனை நான் அடித்தேன். வாக்கியத்தில் மிச்சம் இருந்தது சந்தைக் கூரை மட்டும்.

இரண்டாவது தொடக்கம்: 'என் தகப்பனார் துணி வியாபாரி. திரைச்சீலை என்ன விலை என்று யாராவது கேட்டால் அவர் முதலில் கேட்டவரின் செருப்பைப் பார்ப்பார். பிறகுதான் விலைக்கு வாய் திறப்பார். அவருடைய பிள்ளையாகிய தோதோர் என்னும் நான்—'

(விட்டால் இது என்னைப் பற்றிய கதையாகிவிடும். ஆனால் தகப்பனாரை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பேரம் பேசியே சோறு தின்ற வீட்டுப் பிள்ளை நான். கதையில் எனக்கு நேர்ந்த அவமானம் அப்போதுதான் உறைக்கும்.)

2

ரூமெனாவுக்கு முப்பத்தாறு வயது. சந்தையில் மிளகாய்க் கடை, சொந்தமாக ஒரு வீடு, வீட்டுக்கு இரும்புக் கேட். அப்பா அம்மா இல்லை. கூடப் பிறந்தவர்களும் இல்லை. வ்ரான்யே போகிற பஸ்ஸை ஓட்டும் மிலுதின் வருஷக்கணக்காக அவள் கடையில் மட்டும்தான் மிளகாய் வாங்கினான். ஒற்றை ஆள் அத்தனை மிளகாய் தின்ன முடியாது என்பது சந்தைக்கே புரிந்த பிறகு கல்யாணப் பேச்சு வந்தது.

சிக்கல் அந்தக் கேட்டில் இருந்தது. எங்கள் பக்கம் கல்யாணத்தன்று காலையில் மாப்பிள்ளை வீட்டார் பேண்டு செட்டோடு பெண் வீட்டு வாசலுக்கு வருவார்கள். பெண்ணின் அண்ணனோ தம்பியோ கேட்டை மறித்து நிற்பான். அவனிடம் பேரம் பேசிப் பெண்ணை 'வாங்க' வேண்டும். வெறும் விளையாட்டுதான். ஆனால் மத்தியானத்துக்கு மேல் அது விளையாட்டு இல்லை. அன்று படிந்த விலை அந்தப் பெண்ணுக்கு இன்னொரு பெயராகி, சாகிறவரை கூடவே வரும்.

மிலுதினின் அப்பா பிளகோயே மாட்டுச் சந்தைத் தரகர். மூத்த மருமகள் யாகொதாவை அவளுடைய தம்பியிடமிருந்து ஒரு பாக்கெட் சிகரெட்டுக்கும் ஓடாத ஒரு கைக்கடிகாரத்துக்கும் முடித்தவர். ஈஸ்டரோ, ஞானஸ்நானமோ, பன்றி அடிக்கிற நாளோ, எந்த விருந்தானாலும் இரண்டாவது கிளாஸ் ரக்கியா சாராயம் உள்ளே இறங்கியதும் ஆரம்பிப்பார்.

"யாகொதா, மணி என்னம்மா?"

மேசையே சிரிக்கும். யாகொதாவும் சிரிப்பாள். அவள் அப்படிச் சிரித்ததை ரூமெனா ஒருமுறை பக்கத்து நாற்காலியிலிருந்து பார்த்திருக்கிறாள்.

"பந்தல், கவுன், கேக்கு எல்லாம் அப்புறம்ணே," என்றாள் என்னிடம். "அந்த மேசையில என் விலையச் சொல்லி ஒருத்தரும் சிரிக்கக் கூடாது. எனக்கு அது போதும்."

கதையில் பணயம் இவ்வளவுதான். சின்னதாகத் தெரிந்தால் உங்களுக்கு மாமியார் வீட்டு மேசை பழக்கமில்லை என்று அர்த்தம்.

3

பிளகோயே பாத்திரத்தில் எனக்குச் சந்தேகம் உண்டு. கஞ்ச மாமனார் என்பவர் எத்தனையோ கதைகளில் நடந்து நடந்து அடி தேய்ந்த ஆள். ஒரு வரைவில் அவருக்குக் கொஞ்சம் ஈரம் பூசிப் பார்த்தேன்: 'நொண்டி நாய் ஒன்றுக்கு அவர் தினமும் தம் தட்டிலிருந்து—'

"அந்த நாய் அவரப் பாத்தாலே கட்டிலுக்கடியில போயிடும்," என்றாள் ரூமெனா. நாயும் போயிற்று.

ஆனால் அவரிடம் நிஜமாகவே ஒரு நல்ல குணம் உண்டு. மாட்டுச் சந்தையில் கைகொடுத்துவிட்டால் அதோடு முடிந்தது. பிளகோயே கொடுத்த கையைத் திரும்ப எடுத்ததாக எதிரிகூடச் சொன்னதில்லை. (இதைப் பின்னால் பயன்படுத்துவேன். பயன்படுத்தாவிட்டால் கேளுங்கள்.)

பேண்டு செட்டை அமர்த்துவது எப்போதும் மாப்பிள்ளை வீட்டுச் செலவு. நிச்சயத்தன்று மிலுதின் மெதுவாக அந்தப் பேச்சை எடுத்தபோது பிளகோயே முட்டைக்கோஸ் சுருளை மென்றுகொண்டே சொன்னார்: "முப்பத்தாறு வயசுல பேண்டு எதுக்கு? வேணும்னா அவளே புடிச்சுக்கட்டும்."

மிலுதினின் முகம் செத்துப்போனது. ரூமெனா மட்டும் தட்டைப் பார்த்துக்கொண்டு, "சரிங்க மாமா, நானே புடிச்சுக்கிறேன்," என்றாள். நல்ல லாபம் என்று பிளகோயே இன்னொரு சுருள் எடுத்துக்கொண்டார்.

* அடிக்குறிப்பு போட இது தோதான இடம். போட்டால் முடிவை உடைத்துவிடுவேன். ஆகவே நட்சத்திரம் மட்டும் இங்கே நிற்கட்டும்.

4

கல்யாணத்துக்கு ஆள் பிடிக்கிற வேலையில் அவளுக்குத் துணையாகச் சுற்றினேன். எழுத்தாளனுக்கு வேறென்ன சோலி? என் நாக்கு உதவும் என்று நம்பிப் போனேன். ஒரு இடத்திலும் அதை வெளியே எடுக்க வாய்ப்புக் கிடைக்கவில்லை.

போட்டோக்காரர் மணப்பெண்கள் நிறைந்த ஆல்பத்தை நீட்டினார். ரூமெனா அதைத் திறக்கவே இல்லை. "பொண்ண யார் எடுத்தாலும் அழகாத்தான் வரும். அத்தைமாருங்கள எடுத்தது இருந்தா காட்டுங்க." அவர் தயங்கித் தயங்கிக் காட்டியதில் ஓர் அத்தை இரண்டு கண்ணையும் திறந்திருந்தாள், வாயை மூடியிருந்தாள். அவரையே அமர்த்தினாள். ஆடு சுடுகிறவரிடம் கறியை ருசிகூடப் பார்க்கவில்லை. அவர் சமைத்த வேறொரு விருந்தின் பின்வாசலில் நின்று, கழுவப் போகிற தட்டுகளைப் பார்த்தாள். வெறும் எலும்புதான் திரும்பி வந்தது. அவரையும் அமர்த்தினாள். பந்தல்காரரிடம் அவள் பேசிய பேச்சில் மனிதர் தம் கம்புக் கட்டின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். கிளம்பும்போது நாற்காலிகளைச் சும்மா தருவதாக அவராகவே சொன்னார். ஏன் சொன்னோம் என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்.

கடைசியாக பேண்டு செட்டு. வ்ரான்யே பக்கத்து தெமிரான்தான் வேண்டும் என்றாள். அவன் டிரம்பெட்டை எடுத்தால் படுக்கையில் கிடக்கிறவனும் எழுந்து சட்டை தேடுவான். தெமிரான் கூசாமல் ஒரு தொகை கேட்டான். நான் அதைப் பாதியாக வெட்டத் தொண்டையைச் செருமினேன். அதற்குள் ரூமெனா, அவன் கேட்ட தொகையில் ஒரு தினார்கூடக் குறைக்காமல் ஒப்புக்கொண்டு, அச்சாரத்தை அவன் கையில் வைத்துவிட்டாள். வைத்தவள் குனிந்து அவன் காதில் ஏதோ சொன்னாள். தெமிரான் அவளை ஒரு நிமிஷம் பார்த்தான்.

"நெத்தியில நோட்டு ஒட்டினாக்கூடவா அக்கா?"

"ஒட்டினாக்கூடத்தான்."

"எங்கப்பன் காலத்துலகூட இப்படி யாரும் கேட்டதில்ல," என்றான். பிறகு தலையாட்டினான்.

வெளியே வந்து அவளிடம் சண்டை போட்டேன். சந்தையிலேயே பெரிய வாய்க்காரி, பேரம் பேசாமல் காசு கொடுத்ததை என் தகப்பனார் பார்த்திருந்தால் கடையைப் பூட்டியிருப்பார் என்றேன். "வேற ஒண்ணு வாங்கினேண்ணே," என்று மட்டும் சொன்னாள்.

5

பிறகு அண்ணன். அதற்கும் ஆள் பார்த்தாள். கறிக்கடைக்காரர் மகனுக்கு நல்ல குரல், ஆனால் முதல் கிளாஸிலேயே இளகிவிடுவான். ஒரு வக்கீல் தாமாகவே முன்வந்தார். "அவர் பேசி முடிக்கிறதுக்குள்ள எனக்கு நரைச்சுடும்," என்றாள். மிச்சமிருந்தது நான்.

கூலி ஒரு ஜாடி அய்வார். நிபந்தனை ஒன்று. கேட்டில் நிற்கும்போது 'பத்தாது' என்ற சொல்லைத் தவிர வேறெதுவும் பேசக் கூடாது.

தோதோரை, துணி வியாபாரி பிள்ளையை, ஒற்றைச் சொல்லோடு வாசலில் நிறுத்துவது என்றால்—

(இங்கே என் மனக்குமுறல் ஒரு பக்கம் இருந்தது. "இத யாரு கேட்டா?" என்றாள்.)

6

கல்யாணக் காலை. கம்பத்து உச்சியில் கட்டிய ஆப்பிளை மாப்பிள்ளை சுட்டு வீழ்த்துவது வழக்கம்; மிலுதின் துப்பாக்கியால் சுட்டான். குண்டு படவில்லை. யாரோ கம்பத்தை ஆட்டி ஆப்பிளை விழவைத்தார்கள், எல்லோரும் கைதட்டினார்கள். பிளகோயே கேட்டுக்கு முன்னால் வந்து நின்றார். இரண்டு பக்க வேலியிலும் தெருவே தொற்றிக்கொண்டிருந்தது.

சட்டைப் பையிலிருந்து ஒரு கைக்கடிகாரத்தை எடுத்து எல்லோருக்கும் காட்டினார். "இந்தத் தடவை ஓடுற வாட்சு," என்றார். கூட்டம் வெடித்துச் சிரித்தது. கூட்டத்தின் பின்னால் நின்ற யாகொதா தன் கைப்பையைத் திறந்து எதையோ தேட ஆரம்பித்தாள்.

"பத்தாது," என்றேன்.

ஒரு புட்டி ரக்கியா சேர்ந்தது. பத்தாது. கொஞ்சம் பணத்தைச் செருகினார். பத்தாது. மாட்டுச் சந்தையில் அடுத்தது என்ன நடக்கும் என்று எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். பிளகோயே கையை உதறினார். "வாங்கப்பா, வேற வாசல் பாப்போம்," என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார். இந்த இடத்தில் பேண்டு உற்சாகமாக ஒரு நடைபாட்டை எடுக்கும். வந்த கூட்டம் ஆடிக்கொண்டே பின்னால் போகும். பெண் வீட்டார் பதறி ஓடிவந்து விலையைக் குறைப்பார்கள். வாங்க வந்தவன் திரும்பி நடப்பதே வாங்குவதற்குத்தான்.

பேண்டு ஊதவில்லை.

பிளகோயே பத்தடி போயிருப்பார். சரளைக்கல்லில் அவருடைய பூட்ஸ் சத்தம் மட்டும் கேட்டது. எங்கோ ஒரு கோழி கொக்கரித்தது. இழவு வீட்டிலிருந்துகூட எங்கள் ஊரில் சத்தமில்லாமல் யாரும் திரும்பியதில்லை. பெண்ணும் இல்லாமல் பேண்டும் இல்லாமல், தெரு முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, எப்படி வீடு போய்ச் சேருவது? உறவுக்காரர்கள் அசையவில்லை. அவர் நின்றார். திரும்பி வந்தார். "ஊதுடா," என்றார். தெமிரான் வாத்தியத்தைக் கக்கத்தில் இடுக்கியபடி மேகத்தைப் பார்த்தான்.

பிளகோயே ஒரு பெரிய நோட்டை எடுத்து, எச்சில் தொட்டு, தெமிரானின் நெற்றியில் ஒட்டினார்.

எங்கள் பக்கம் டிரம்பெட் ஊதுகிறவன் நெற்றியில் ஒட்டும் அந்த நோட்டில்தான் பிழைக்கிறான். தெமிரான் கையைத் தூக்கினான், நோட்டை உரித்தான், சட்டையில் துடைத்தான், பிளகோயேயின் கையில் திருப்பி வைத்தான். வேலியிலிருந்த ஒரு கிழவர் சிலுவைக்குறி போட்டுக்கொண்டார்.

"அச்சாரம் அக்காவோடது," என்றான் தெமிரான். "அவங்க சொன்னாதான்."

7

இங்கே மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் மிலுதின் கேட்டைத் தாண்டிக் குதிக்கிறான். ("அவர் டிரைவர்ணே. எல்லாரும் ஏறுற வரைக்கும் வண்டிய எடுக்க மாட்டார்.") உண்மையில் அவன் சிரிப்பை அடக்க ஆகாயத்தையும் பூட்ஸையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான். இன்னொன்றில் நான் ஒரு நீண்ட உரை ஆற்றுகிறேன். அதை அவள் படிக்கவே இல்லை. மூன்றாவதில் பிளகோயே மனம் திருந்தி அழுகிறார். அதை நானே கிழித்துப் போட்டேன்.

நடந்தது இது. ரூமெனா வெள்ளைக் கவுனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கு வந்தாள். என்னை ஓரமாக நிற்கச் சொன்னாள்.

"மாமா, பேண்டு என்னோடது. பந்தல் என்னோடது. நீங்க சாப்பிடப் போற ஆடும் என்னோடது. நான் கேட்கிறதக் கொஞ்சம் கேளுங்க. முதல்ல யாகொதா அக்கா விலையில குறைஞ்சது பாக்கி இருக்கு. அதத் தீர்த்துட்டு எங்கிட்ட வாங்க."

தோற்றுப்போனது பிளகோயேவுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தபின் இழுத்தடிக்கிற மனிதர் அல்ல அவர். சட்டைப்பைக் கடிகாரத்தைத் தொடாமல், தம் மணிக்கட்டில் கட்டியிருந்த தங்கக் கடிகாரத்தைக் கழற்றினார். கூட்டம் வழிவிட்டது. யாகொதாவின் கையில் அவரே கட்டிவிட்டார். பட்டை பெரிதாக இருந்தது, முழங்கை வரைக்கும் ஏறியது. யாகொதா மணி பார்த்தாள்.

"ஒன்பதே கால் மாமா," என்றாள், கேட்காமலே.

அப்போதுதான் ரூமெனா விரலை அசைத்தாள். தெமிரான் ஊதினான். வேலியில் இருந்தவர்கள் வேலிக்கு இந்தப் பக்கம் வந்தார்கள். எதை எழுதினாலும் அந்தச் சத்தத்துக்குக் காணாது. நான் எழுத்தாளனாக இல்லாமல் டிரம்பெட்காரனாகப் பிறந்திருக்கலாம் என்று நினைத்தது அன்று ஒருநாள்தான்.

8

நீங்கள் கேட்கப் போவது தெரியும். ரூமெனா என்ன விலைக்குப் போனாள்?

அந்த விலையை பிளகோயே என் காதில் சொன்னார். ரூமெனாவின் நிபந்தனை அது. விலையைக் காதில்தான் சொல்ல வேண்டும். அவரும் வாடகை அண்ணனும் தவிர வேறு யாருக்கும் தெரியக் கூடாது. அதற்குக் கைகொடுக்க வேண்டும். அவர் கொடுத்தார். நான் சொன்னேன் அல்லவா, கொடுத்த கையை எடுக்காத மனிதர். இன்றுவரை எந்த விருந்தானாலும் இரண்டாவது கிளாஸில் அவர் வாய் திறக்கும். யாகொதா முழங்கையைத் தூக்கி மணி பார்ப்பாள். வாய் மூடிக்கொள்ளும்.

இந்த முழுக் கதையையும் ரூமெனாவிடம் படித்துக் காட்டினேன். "வாசிக்கிறவங்க விலைய ஊகிப்பாங்களே," என்றேன். மிளகாயை நிறுத்துக்கொண்டே யோசித்தாள்.

"ஊகிக்கட்டும்ணே. உங்களுக்குத்தான் பதில் தெரியுமே."

ஆகவே கேட்டு இதோ. நான் மறுபடி மறித்து நிற்கிறேன். விலையை நீங்கள் சொல்லுங்கள். தயங்க வேண்டாம், எவ்வளவு பெரிதாக வேண்டுமானாலும் சொல்லுங்கள்.

பத்தாது.