ஜன்னல் வழியா வந்துட்டிருக்கிற குத்து

ஏ, குந்துங்கப்பா எல்லாரும். அங்க யாரு இன்னும் வாயாடிக்கிட்டு? மூடு. எடமில்லன்னா அந்த மூட்ட மேல ஏறி உக்காரு. ஆங், இப்பக் கேளு.

வியாசர்பாடியில எங்க மங்கா, அதான் ஜப்பான் படக்கதை, ரசிகர் மன்றத்துக்குள்ள ஒரு குத்து வந்துட்டிருக்கு. போன பொங்கலுக்கு முந்துன பொங்கல்ல கெளம்புன குத்து. விட்டவன் ஷின்பெய், நாங்க படிக்கிற படக்கதையோட ஹீரோ. ஆளு ஜப்பான்லயே நிக்கிறான், கை மட்டும் எங்க ஜன்னல் வழியா உள்ள நீட்டிக்கிட்டிருக்கு. மழை நாள்ல அதுல துண்டு காயப்போடுவோம்.

அத வாங்க வேண்டியவன் குரோடா. வில்லன். பிளாஸ்டிக் சேர்ல, பல்லு ஒடையாம இருக்க வாயில ரப்பரக் கவ்விக்கிட்டு, கன்னத்தக் காட்டி உக்காந்திருக்கான். குத்து பட்டா தோத்துடுவான். தோத்தா நூடுல்ஸ் கட போட்டுக்கோன்னு வரையிறவரே வாக்குக் குடுத்திருக்காரு. அடுப்பு, சட்டி எல்லாம் வாங்கிக் கீழ எறக்கிட்டான். குத்துதான் வந்து சேரல.

ஏன்னா வரையிறவரு ஓனோகுரா ஐயா. வயசானவரு, ஒரு வேர்வச் சொட்டுக்கே ஒரு வாரம் எடுத்துக்குவாரு. நாங்க ஓட்டுப் போட்டு "சூப்பர்"னு அனுப்புனா இன்னும் மெதுவா வரைவாரு. "போரு"ன்னு அனுப்புனா சட்டுனு குத்த எறக்கிக் கதைய முடிச்சிடுவாரு. எந்த ஓட்டுன்னு முடிவு பண்ண ஒரு நாள் கூட்டம் போட்டோம்.

மொதல்ல லிங்கேசு எந்திரிச்சான். மொபைல் ரிப்பேர் பண்றவன், மூக்கால பேசுவான். இப்பிடி: "ஞாயமா சொல்லுங்கப்பா. இப்ப வரையிற பசங்க ஒரே பக்கத்துல ஊரையே அடிச்சிக் காலி பண்றானுங்க. இவரு ஒரு கைய ஜன்னல் தாண்ட வெக்கிறதுக்குள்ள எனக்கு மண்ட சொட்டையாயிடுச்சு. பழய ஸ்டைலு. எவன் வாங்குறான்?"

குரோடா கண்ணுல அப்பிடி ஒரு வெளிச்சம்.

உடனே பெனாசிர் அக்கா, டைலரு. அவங்க குரல் தொண்ட அடியிலேர்ந்து வரும். "டேய் மூக்கா, போன வாரம் ஷின்பெய் போட்டிருந்த டிராயரப் பாத்தியா? துணி எங்க இழுக்குதோ அங்கதான் மடிப்பு. இவ்ளோ நாளா தைக்கிறேன், எனக்கே அப்பிடி விழாது. உன் பசங்க வரையிறது துணியாடா? தகரம்!"

"தகரத்துக்குத்தான்க்கா கூட்டம்!"

"கூட்டம் சாராயக் கடையிலயும்தான் நிக்கிது."

நான் நடுவுல பூந்து ரெண்டு பேரு மாதிரியும் பேசிக் காட்டுனேன். சண்ட இன்னும் நல்லா புடிச்சிது.

அப்ப அந்த வாரத்துப் பக்கம் வந்துச்சு. பக்கம் முழுக்க ஒரே ஒரு வேர்வச் சொட்டு. உத்துப் பாத்தா சொட்டுக்குள்ள எங்க மன்றம். பாயி, மிக்சர் தட்டு, தையல் ஊசியோட அக்கா, எல்லாம் இருக்கு. லிங்கேசும் இருக்கான், தல நெறய முடியோட. அவன் மெதுவா மண்டயத் தடவுனான். சொட்டையில புதுசா மொளச்ச முடி கொத்தா கையில தட்டுச்சு.

"சூப்பருப்பா" ன்னான். மூக்கால இல்ல, வாயால.

எல்லாக் கையும் மேல போச்சு. என் கையுந்தான், பொய் சொல்லுவானேன்? அந்த வேர்வைய நீ பாத்திருந்தா நீயும் தூக்கியிருப்ப. அக்கா சந்தோசத்துல எல்லாருக்கும் பஜ்ஜி சொல்லிட்டாங்க.

குரோடா மூஞ்சி தொங்கிப் போச்சு. ஜன்னல்ல நீட்டிக்கிட்டிருந்த ஷின்பெய் கையப் பாத்தான். எந்திரிச்சான். நேரா ஜன்னல்கிட்ட நடந்து போனான். கன்னத்தக் கொண்டுபோய் அந்தக் குத்து மேல வெச்சு ஒரே இடி.

டமால்!

மல்லாக்க விழுந்தான். சத்தமும் விழுந்துச்சு, ஆளு உசரத்துக்கு எழுத்தெழுத்தா. "ட" கதவ அடச்சிக்கிட்டு நின்னுச்சு. "ல்" மேல இருந்த புள்ளி உருண்டு வந்து மிக்சர் தட்டுல நின்னுச்சு. நாலு பேரு சேந்து "மா"வ செவுத்தோரமா நகத்தி அது மேல பஜ்ஜிய வெச்சோம்.

பெனாசிர் அக்காவுக்குத்தான் கோவம். "டேய் குரோடா! ஐயா இன்னும் அந்தக் குத்த வரையவே இல்லயேடா! நீ பாட்டுக்கு விழுந்தா எப்பிடி?"

குரோடா வாயிலேர்ந்து ரப்பரத் துப்புனான். "அவரு பொறுமையா வரையட்டும்க்கா. வரையிற அன்னிக்கு ஒரு போன் போடுங்க, கடைய யார்கிட்டயாவது விட்டுட்டு வந்து விழுந்துட்டுப் போறேன்."