சித்தியை அம்மா என்றவள்

1

இந்தக் கதை எனக்கு ஒரு மருத்துவமனைத் தாழ்வாரத்தில் கிடைத்தது. வேறு யாரையோ பார்க்கப் போயிருந்தேன். சித்தியின் இடுப்பில் இருந்த குழந்தை, கண்ணாடி ஜன்னலுக்குள் நின்ற பெண்ணைக் காட்டி, "அது யாரு?" என்றது. அதோடு விட்டிருந்தால் நானும் மறந்திருப்பேன். சித்தியின் முகத்தைத் திருப்பி, "அம்மா, அது யாரு?" என்றது.

உள்ளே நின்றவள்தான் அதைப் பெற்றவள்.

2

'காசநோய் என்பது ஒரு...' (அடித்துவிட்டேன். இது பாடப்புத்தகமா?)

'அவள் கண்களில் நீர்...' (பொய். அவள் அழவே இல்லை.)

நடந்ததையே சொல்கிறேன். அவள் தையல்காரி. வழக்கமான மருந்துக்கு மசியாத காசநோய். மற்ற டாக்டர்கள் கைவிரித்த பிறகு இந்தத் தொற்றுநோய்ச் சிறப்புப் பிரிவுக்கு வந்தாள். இங்கே சளியைச் சோதித்து, எந்த மருந்துக்குக் கிருமி அடங்குகிறது என்று பார்த்து மாற்றிக் கொடுத்தார்கள். இருமல் தணிந்தது. ஆனால் அந்த மருந்துகளில் ஒன்று தோலைக் கறுக்க வைத்துவிட்டது. அவள் முகமே வேறாகிப்போனது.

(அடுத்து வரும் பேச்சு, அவள் தங்கை, அதாவது அந்தச் சித்தி, பிறகு எனக்குச் சொன்னது.)

"டாக்டரம்மா, அந்த ஒரு மாத்திரைய மட்டும் நிறுத்திடுங்களேன்."

"ஏன், வயித்துக்கு ஒத்துக்கலையா?"

"எம் புள்ளைக்கு என்னைத் தெரியல."

மருத்துவர் முகக்கவசத்தோடு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். "நிறம் திரும்பி வந்துரும்மா, நாளாகும். கிருமி திரும்பி வந்தா எங்கிட்ட வேற மருந்து இல்ல."

அவள் மாத்திரையை எடுத்து விழுங்கினாள்.

3

தங்கையைக் கெட்டவளாக்கி ஒரு பக்கம் எழுதிப் பார்த்தேன். கதை சூடுபிடித்தது. கிழித்துப் போட்டேன். தங்கை கண்ணாடிக்கு வெளியே நின்று, உள்ளே இருந்த அக்காவோடு ஸ்பீக்கர் போனில் பேசியதை நானே கேட்டேனே:

"நான் சொல்லிக் குடுக்கலக்கா. சித்தின்னு சொல்லுடின்னா சிரிக்கிறா."

"விடுடி. கூப்பிட அவளுக்கும் ஒருத்தி வேணும்ல?"

அவர்கள் கிளம்பியதும், குழந்தையின் மூச்சுப் பட்டு மங்கியிருந்த இடத்தில் அவள் உள்ளிருந்தே கன்னத்தை வைத்துக்கொண்டாள். (இந்த வரி அழகாக இருக்கிறது. அதனாலேயே சந்தேகமாகவும் இருக்கிறது. ஆனாலும் வைத்தாள்.)

4

மாதங்கள் ஓடின. அடுத்தடுத்த சோதனைகளில் கிருமி வளரவில்லை.

"இனி உங்களால யாருக்கும் தொத்தாது. வீட்டுலயும் மருந்த விட்டுடாதீங்க."

"முத்தம் குடுக்கலாமா?"

"தாராளமா."

அவள் வெளியே வந்த அன்று நான் வேண்டுமென்றே அங்கே போயிருந்தேன். இரண்டு முடிவுகள் கைவசம் இருந்தன. ஒன்றில் குழந்தை ஓடிவந்து கட்டிக்கொள்கிறது. எழுதக் கூச்சமாக இருந்தது. இன்னொன்றில் வீறிட்டு அலறிச் சித்தியின் கழுத்தை...

நான் கண்டது இவ்வளவுதான். தங்கை குழந்தையை இறக்கிவிட்டாள். தன் விரலைப் பிடித்திருந்த கையை மெல்ல விடுவித்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றாள். அவள் தோள்கள் குலுங்கின. குழந்தை நடுவில் நின்று இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தது.

அக்கா "வா" என்று கூப்பிடவில்லை. தரையில் உட்கார்ந்து, புதிதாகப் பார்க்கிறவள் போல, "உன் பேர் என்ன, பாப்பா?" என்று கேட்டாள்.

குழந்தை அவளை உற்றுப் பார்த்தது. ஓரடி எடுத்து வைத்து, வாயைத் திறந்தது.

நான் வெளியே வந்துவிட்டேன். நீங்கள் வேண்டுமானால் அங்கேயே நின்று கேளுங்கள்.