கூட ஒருவர் இலவசம்

அடுத்த விமானத்துக்கு இன்னும் ஏழு மணி நேரம் இருந்தது. முதுகு வலிக்காரியை இரும்பு நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, இங்கேயே இருக்கலாம், நல்ல காற்று வருகிறது என்றார் வீட்டுக்காரர். நாலா பக்கமும் கண்ணாடி அடைத்த விமான நிலையத்துக்குள் காற்று எங்கிருந்து வரும்? அவளுக்கு அங்கேயே பொறி தட்டிவிட்டது.

அவள் லேசுப்பட்டவள் அல்ல. காப்பீட்டு அலுவலகத்தில் இருபது வருஷமாக, நஷ்டஈடு கேட்டு வரும் விண்ணப்பங்களில் எது நிஜம், எது புளுகு என்று பிரித்துச் சொல்கிறவள். எரிந்துபோன கடையின் போட்டோவைப் பார்த்தே, சரக்கை முதல் நாளே வெளியே எடுத்துவிட்டார்கள் என்று கண்டுபிடித்தவள். அப்பேர்ப்பட்டவளுக்குப் போய்க் காது குத்தினால் விடுவாளா?

அவர் டர்பைன் பழுது பார்க்கும் எஞ்சினியர். ஏழு வருஷமாக, இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை இதே வழியாகத்தான் வேலைக்குப் பறக்கிறார். அதனால் அவர் பர்சில் தங்க நிறத்தில் ஒரு அட்டை உண்டு. அதை நீட்டினால் லவுஞ்சுக்குள் விடுவார்கள். சாப்பாடு, குளியல், கால் நீட்டிப் படுக்கும் நாற்காலி எல்லாம் சும்மா. கூட ஒருவரும் இலவசம். அட்டையோடு வந்த சின்னப் புத்தகத்தை அவள் வீட்டில் வரி விடாமல் படித்திருந்தாள். இந்தத் தடவை உடம்பு சரியில்லாத அக்காவைப் பார்க்க அவளும் கூட வருவதால், அந்த 'ஒருவர்' தான்தான் என்று நினைத்துக்கொண்டுதான் புறப்பட்டாள்.

அதைச் சொன்னதும் மனுஷன் நெளிந்தார். கூட்டமாக இருக்கும் என்றார். சாப்பாடு வாயில் வைக்க விளங்காது என்றார். அட்டை காலாவதி ஆகியிருந்தாலும் ஆகியிருக்கும் என்றார். ஒரு கேள்விக்கு மூன்று காரணம் சொல்கிற ஆளின் விண்ணப்பத்தை அவள் அலுவலகத்தில் சந்தேகக் கோப்பில் வைப்பார்கள்.

"என் முதுகு செத்துப்போச்சு. வந்தா வாங்க, இல்லன்னா அந்த அட்டையைக் குடுங்க" என்று அவள் எழுந்துவிட்டாள். அவரும் வேறு வழியில்லாமல் பின்னாலேயே வந்தார்.

லவுஞ்ச் வாசலில் மேஜைக்குப் பின்னால் இருந்த பெண் அவரைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். அட்டையைக் கூடக் கேட்கவில்லை. கம்ப்யூட்டரை ஒரு பார்வை பார்த்தாள், முகமெல்லாம் சிரிப்பாக மேஜைக்கு அடியிலிருந்து ஒரு காகிதப் பையை எடுத்துக் கொடுத்தாள். பையின் வாயில் கலர் பென்சில்கள் எட்டிப் பார்த்தன. அந்தப் பெண் ஏதோ கேட்க வாயெடுத்தாள். இவர் அவசர அவசரமாக நன்றி சொல்லிப் பையை அக்குளில் இடுக்கிக்கொண்டார்.

என்ன அது என்று கேட்டதற்கு, எல்லாருக்கும் கொடுப்பதுதான் என்று பதில் வந்தது. செருப்பு வாரைச் சரிசெய்கிற சாக்கில் அவள் அங்கேயே குனிந்து நின்றாள். பின்னால் நான்கு பேர் வந்தார்கள். ஒருவர் கைக்கும் பை போகவில்லை.

உள்ளே போனால் அதற்கு மேல். தூணோரத்து நாற்காலியைக் காட்டி, உங்கள் இடம் காலியாகத்தான் இருக்கிறது என்றான் ஒருவன். கேட்காமலே பால் இல்லாத டீ வந்தது. குளியலறைக்காரன் தோளில் தட்டிக் கூப்பிட்டான். வீட்டில் 'உம்' என்பதற்கு மேல் வாய் திறக்காத மனுஷனுக்கு இங்கே இத்தனை சொந்தமா? அவர் யார் முகத்தையும் பார்க்காமல், குளித்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பினார். பையையும் எடுத்துக்கொண்டுதான் போனார். குளிக்கப் போகிறவருக்குக் கலர் பென்சில் எதற்கு?

அவர் அந்தப் பக்கம் மறைந்ததும், தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்த பணிப்பெண் ஒருத்தி நோட்டுப் புத்தகம் ஒன்றோடு அவளிடம் வந்தாள். நம் பாஷை பேசுகிற பெண். சாருடைய பையில் இதை வைக்க விட்டுப்போய்விட்டது என்றாள்.

"சார் முதல் தடவையா ஆள் கூட்டிட்டு வந்திருக்கார். சாடை ஒண்ணா இருக்கே, நீங்க அவரோட தங்கச்சியா? பாப்பா வரலையா?"

பாப்பாவா! அவள் வீட்டில் பாப்பா கிடையாது. இருந்தாள். நான்கு வயதில், மூன்றே நாள் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள். எட்டு வருஷம் ஆகிறது. காரியமெல்லாம் முடிந்த மறுநாளே இவர் பிள்ளையின் கட்டிலைக் கழற்றிப் பரணில் போட்டார். கவுன்களை யாருக்கோ தூக்கிக் கொடுத்தார். அதற்குப் பிறகு இன்றுவரை பிள்ளையைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. அவள் அழுதால் எழுந்துபோய்க் குழாயைக் கழற்றிப் பூட்டிக்கொண்டிருப்பார். அடுத்த வருஷமே இந்தப் பறக்கிற வேலையைத் தேடிக்கொண்டார். கல்லைக் கட்டிக்கொண்டோம் என்று அவள் எப்போதோ முடிவு கட்டியிருந்தாள். கல் எங்கே போய்க் கரைந்தது என்று இப்போதல்லவா தெரிகிறது!

ஆனாலும் அவள் குரலை விட்டுக்கொடுக்கவில்லை. புளுகுகிறவனை மேலும் பேசவைக்க அலுவலகத்தில் ஒரு குரல் வைத்திருக்கிறாள். அந்தக் குரலில், ஆமாம், தங்கச்சிதான் என்றாள். பாப்பாவைப் பார்த்து ரொம்ப நாளாகிறது, இப்போது என்ன வயது என்று கேட்டாள்.

"பன்னிரண்டு. நாங்க பையை மாத்திட்டோம்ல, இது பெரிய பிள்ளைங்களுக்கு உள்ளது."

அடிக்கடி வருகிறவர்களைப் பற்றிக் கம்ப்யூட்டரில் குறிப்பு எழுதி வைப்பது இங்கே வழக்கமாம். என்ன டீ, எந்த நாற்காலி, வீட்டில் யார் யார் என்று. புதிதாக வேலைக்கு வருகிறவர்களும் அதைப் படித்துவிட்டுத்தான் பேசுவார்களாம். சாருடைய குறிப்பில் முதல் வரியே, மகளைப் பற்றிக் கேட்டால் மகிழ்வார் என்பதுதானாம்.

பன்னிரண்டு. அவள் மனசு கணக்குப் போட்டது. அவள் பிள்ளையும் இருந்திருந்தால் பன்னிரண்டுதான். அப்படியானால் தன் வீட்டில் தொட்டில் ஆடிய அதே வருஷம் இன்னொரு வீட்டிலும் ஆடியிருக்கிறது. ஏழு வருஷத்தில் இப்படி ஒரு பைகூடத் தன் வீட்டுக்கு வந்ததில்லை. எல்லாம் அந்த வீட்டுக்குத்தான் போயிருக்கிறது. பாவி! அவள் கைப்பையைத் திறந்து தன் டிக்கெட்டும் பாஸ்போர்ட்டும் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தாள். அக்கா வீட்டுக்குத் தனியாகவே போவது, திரும்பி இவரோடு ஒரே கூரைக்கடியில் இருப்பதில்லை என்று அந்த நிமிஷமே தீர்மானித்துவிட்டாள்.

பணிப்பெண் பாட்டுக்கு நோட்டைப் புரட்டிக் காட்டிக்கொண்டிருந்தாள். கம்பிச் சுருள் பக்கவாட்டில் இல்லாமல் தலைமாட்டில் இருந்தது.

"பாப்பாவுக்கு இடது கைப் பழக்கம்ல. பக்கத்துல கம்பி இருந்தா கையை உறுத்தும். அதான் தேடி வாங்கி வச்சோம்."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இடது கையா? உலகத்தில் எத்தனையோ பிள்ளைகளுக்கு உண்டு, அதனால் என்ன என்று தன்னையே அதட்டிக்கொண்டாள். ஆனால் அவள் பிள்ளையும் எதையும் இடது கையால்தான் எடுப்பாள்.

"சின்ன வயசுல பொம்மை குடுத்தா தூக்கிப் போட்டுடுவாளாமே? குழம்புக் கரண்டியைக் கட்டிப் பிடிச்சாத்தான் தூக்கம் வருமாம். சார் அதை நடிச்சே காட்டுவார். நாங்க சிரிச்சு சிரிச்சு..."

அவள் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கரண்டி அவளிடம்தான் இருக்கிறது. பீரோவில், புடவைகளுக்கு அடியில், அவருக்குத் தெரியாமல் வைத்திருக்கிறாள். இன்னொரு வீடு கிடையாது. இன்னொருத்தி கிடையாது. வீட்டில் வாயைத் திறக்காத மனுஷன், நடந்தது எதுவும் தெரியாத இந்த ஒரு இடத்தில் பிள்ளையை உட்காரவைத்து, வருஷத்துக்கு ஒரு வயது கூட்டி வளர்த்துக்கொண்டிருந்திருக்கிறார். அவளுக்கு ஆத்திரமாக வந்தது. என்னிடம் சொல்லாமல், என்னை விட்டுவிட்டு நீ மட்டும் வளர்த்தாயா என்று பொறாமையாகவும் இருந்தது.

அவர் தலை ஈரத்தோடு திரும்பி வந்தார். பை இன்னும் அக்குளில்தான் இருந்தது.

"சார், உங்க தங்கச்சிகிட்ட பாப்பா கதைதான் சொல்லிட்டிருந்தேன்" என்றாள் பணிப்பெண்.

அவர் மனைவியைப் பார்த்தார், அவள் மடியிலிருந்த நோட்டைப் பார்த்தார். அடி வாங்கப்போகிற பிள்ளை மாதிரி அப்படியே நின்றுவிட்டார். அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், இங்கேயும் குழந்தை செத்துப்போவாள். அது இருவருக்கும் தெரிந்தது.

"தங்கச்சி இல்லம்மா, சும்மா சொன்னேன்" என்றாள் அவள். "நான்தான் அவளோட அம்மா."

பணிப்பெண் பதறிப்போய் மன்னிப்புக் கேட்டாள். அப்படியானால் பாப்பா எங்கே என்றாள்.

"பரீட்சை நடக்குது, கூட்டிட்டு வரல." இவ்வளவு சுலபமாகப் பொய் வரும் என்று அவளுக்கே தெரியாது. "இப்பப் பார்த்தா உங்களுக்கு அடையாளமே தெரியாது. மளமளன்னு வளர்ந்துட்டா. இதோ, இவ்வளவு இருப்பா." உட்கார்ந்தபடியே கையை நீட்டி உயரம் காட்டினாள்.

அவர் மெதுவாக வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். அந்தரத்தில் நின்ற அவள் கையைப் பிடித்து நாலு விரல் அளவு மேலே தூக்கினார்.

"இல்ல. இவ்வளவு" என்றார்.