காலிக் கட்டம்

என் கல்லூரி விண்ணப்பத்தில், இனம் கேட்கும் இடத்தில், 'ஆசியர்' என்ற கட்டத்தைக் காலியாக விடச் சொன்னார் ஃபுங். நியூயார்க்கில் எங்கள் சீனப் பிள்ளைகளுக்கு விண்ணப்பம் நிரப்பச் சொல்லித்தருவதுதான் அவர் தொழில்.

"கறுப்பர்களுக்கு ஒதுக்கினது போக மிச்சம்தான் நமக்கு. இன்னொரு சீனப் பொண்ணான்னு ஓரங்கட்டிடுவாங்கம்மா."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "தாத்தா படிச்ச காலேஜ்னு வெள்ளைக்காரப் பசங்களுக்கு இடம் குடுக்கிறாங்களே, அது உங்க கண்ணுல படலையா சார்?" என்றேன்.

அவர் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாவைப் பார்த்தார். "உங்க பொண்ணுக்கு வாய் நீளம்."

அம்மா பேனாவை என் கையில் திணித்தாள்.

"போன மாசம் ரயில்ல ஒருத்தன் என் மூஞ்சில துப்பினானே, எந்தக் கட்டத்துல டிக் போட்டிருக்கேன்னு கேட்டுட்டா துப்பினான்? போடுடி, ஹோயீ. நல்லா அழுத்திப் போடு."