துரு ஏறும் வரை

நாலு நாளாகியும் நட்டு அசையவில்லை.

ரெங்கசாமி செந்தூல் ரயில் ஒர்க்ஷாப்பிலிருந்து வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றவில்லை. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே கோட்டர்ஸின் பின்பக்கம், வாழை மரத்தில் சாய்த்து வைத்திருந்த மோட்டார் சைக்கிளின் முன்னால் போய்க் குந்திவிட்டான். அதை மோட்டார் சைக்கிள் என்று சொல்வதும் பழக்கதோஷம்தான். மூன்று வாரம் ஈயம் தோண்டிக் கைவிட்ட குட்டைத் தண்ணீருக்குள் கிடந்து, இரண்டு மாதம் போலீஸ் கொட்டடியில் மழை குடித்து, போன வாரம் மாட்டு வண்டியில் வந்து இறங்கிய இரும்பு அது. பின்சக்கரத்து அச்சு எங்கே முடிகிறது, நட்டு எங்கே தொடங்குகிறது என்று கண்ணுக்குத் தெரியாது. இரண்டும் ஒரே கட்டியாகி, தொட்டால் செதில் செதிலாக உதிர்ந்தது.

அவன் பிட்டர். பாய்லர் போல்ட்டுகளோடு பதினெட்டு வருஷம் மல்லுக்கட்டியவன். காலையில் ஒரு கரண்டி, சாயங்காலம் ஒரு கரண்டி என்று சீக்காளிக்கு மருந்து புகட்டுவது போல நட்டுக்கு மண்ணெண்ணெய் புகட்டிக்கொண்டிருந்தான். ஊற்றிவிட்டுச் சுத்தியலால் சுற்றிச் சுற்றி மெல்லத் தட்டுவான். ஓங்கி அடித்தால் முறிந்துபோகும்; தட்டத் தட்டத்தான் துரு எண்ணெயை உள்ளே விடும். பிறகு ஸ்பானரை மாட்டி, பல்லைக் கடித்து ஒரு தம் கட்டுவான். ஸ்பானர் வழுக்கும். கை முட்டி இரும்பில் போய் இடிக்கும். வலது கையில் நாலு முட்டியும் தோலுரிந்து போயிருந்தது.

அடுப்படியில் நல்லம்மாளுக்கு அந்தத் தட்டல் ஒவ்வொன்றும் நெஞ்சில் விழுந்தது. அவள் பார்வை அடிக்கடி கோழிக்கூட்டுப் பக்கம் போய் வந்தது. கூட்டுக்குப் பின்னால் ஒரு சிரட்டை. சிரட்டையில் புளித்த நீராகாரம், கைநிறைய உப்பு. அதற்கடியில் சுண்டுவிரல் நீளத்தில் ஒரு பின், கொண்டை ஊசி போல இரண்டு காலோடு.

"அவசரப்படாதீங்க," என்று உள்ளேயிருந்தே சொன்னாள். "இன்னும் ஊறட்டும்."

"நாலு நாளா ஊறுது. ஊறி ஊறி நாந்தான் நாறுறேன்."

மாசி மாதத்து ஒரு சாயங்காலம் இதே வாழையடியில்தான் அவன் தம்பியின் வண்டிக்குப் பிரேக் கட்டை மாற்றினான். தம்பி கன்னையாவுக்கு மருந்துக் கடையில் வேலை. கிள்ளான் பக்கத்து எஸ்டேட்டுகளுக்கெல்லாம் மலேரியாக் காய்ச்சலுக்கான கொய்னா மருந்துப் பெட்டியைக் கட்டிக்கொண்டு போவான். தோட்டம் படுத்துப்போய் ஊருக்குக் கப்பலேறிய ஒரு வெள்ளைக்காரனிடம் வாங்கிய வண்டி. "இதுக்குப் பொண்டாட்டிய விட அதிகமா எண்ணெ தேய்ச்சு விடுறாரு உங்க கொழுந்தன்" என்று அவன் பெண்டாட்டி சீதாலெட்சுமி நல்லம்மாளிடம் சொல்லிச் சிரிப்பாள். அன்றைக்குப் பாதி வேலையில், "சோறு ஆறிப்போவுது, வந்து தின்னுட்டுப் பாருங்களேன்" என்று மூன்று தரம் கூப்பிட்டது நல்லம்மாள்தான். இருட்டுவதற்குள் மூடியை மாட்டி, நட்டை முடுக்கிவிட்டு அவன் எழுந்து வந்தான்.

மறுநாள் காலை பின்பக்கம் கூட்டும்போது விளக்குமாற்றில் ஏதோ மினுங்கியது. எடுத்துப் பார்த்தாள். பின். மிச்சமாக வந்ததாக்கும் என்று நினைத்தாள். அதைக் கையில் வைத்துக்கொண்டே வாசலுக்கு வந்தபோது கன்னையா வண்டியை உதைத்துக்கொண்டிருந்தான்.

"என்ன அண்ணி, வெளக்கமாத்தோட வழியனுப்ப வந்திருக்கீங்க! திரும்பி வரக் கூடாதுன்னா?"

"போடா, வாயைக் கழுவு."

சிரித்துக்கொண்டே போனான். பின்னை ஊக்கு டப்பாவில் போட்டாள். சாயங்காலம் பெத்தாலிங் இறக்கத்தில் வண்டி நிற்காமல் போய் அவனோடு ஈயக்குட்டைக்குள் விழுந்தது என்று ஆள் வந்து சொன்னான். பிணமாகத்தான் அவன் வீடு திரும்பினான். விளக்குமாற்றைக் கண்ட அக்கம்பக்கத்து வாய்களெல்லாம் அதைத்தான் பேசின. பேசட்டும் என்றிருந்தாள். விளக்குமாறு பழி சுமந்தால் அந்தப் பின் தப்பித்துக்கொள்ளும்.

அப்படியே போயிருக்கும். சீதாலெட்சுமியின் அப்பா தம்புசாமி கிள்ளானிலிருந்து வந்து, "ரயில் எஞ்சின முடுக்குற கைக்கு ஒரு மோட்டார் சைக்கிள முடுக்கத் தெரியலையா சம்பந்தி?" என்று நடுவீட்டில் நின்று கேட்காமல் இருந்திருந்தால். ஞாயிற்றுக்கிழமை மத்தியான ரயிலுக்கு வருகிறேன், பெண்ணை அழைத்துப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். ஆறு மாத வயிறு அவளுக்கு. கன்னையாவில் மிச்சமிருப்பது அதுதான். நல்லம்மாளின் வயிற்றில் ஒன்றும் தங்கியதில்லை.

அன்றைக்குச் சீதாலெட்சுமி நேராக வந்து ரெங்கசாமியிடம் கேட்டாள்.

"மாமா, பிரேக்குக்குள்ள ஒரு பின்னு உண்டாமே. அது இல்லன்னா கட்டை நழுவிருமாமே. போட்டீங்களா?"

அவன் தன் இரண்டு கையையும் விரித்துப் பார்த்துக்கொண்டான்.

"போட்ட ஞாபகம் இருக்கு தாயி. போட்டுக் கால விரிச்சு மடக்குன ஞாபகந்தான் எவ்வளவு நெனச்சாலும் வரமாட்டேங்குது."

"தெறந்து பாருங்க. இருந்தா நான் இங்கயே கெடக்குறேன். இல்லன்னா அப்பாகூடப் போயிடுறேன். உங்க மேல கோவமில்ல மாமா. தெரியாமயே உக்காந்து தின்னா சோறு எறங்க மாட்டேங்குது."

மறுநாள் அவன் நட்டுக்கு மண்ணெண்ணெய் ஊற்ற ஆரம்பித்தான். அன்றைக்கே நல்லம்மாள் பின்னைச் சிரட்டையில் போட்டாள். மூன்று மாதமாக டப்பாவில் கிடந்தும் வெள்ளி மாதிரி மினுங்கிக்கொண்டிருந்தது, சனியன். அதைத் துருவுக்குள் வைத்தால் குருடனுக்கும் தெரியும். முதல் நாள் தண்ணீர்தான் கலங்கியது. இரண்டாம் நாள் பின்னில் பழுப்புப் புள்ளி விழுந்தது. மூன்றாம் நாள் செம்மண் நிறம். ஒரே வீட்டில் புருஷன் துருவைக் கரைத்துக்கொண்டிருந்தான், பெண்டாட்டி வளர்த்துக்கொண்டிருந்தாள். உண்மையைச் சொல்லிவிடலாம் என்றும் தோன்றாமல் இல்லை. சொன்னால், அதைக் கையில் பிடித்துக்கொண்டே கன்னையாவுக்கு விடை கொடுத்ததையும் சேர்த்தல்லவா சொல்ல வேண்டும்?

ஞாயிறு காலை ரெங்கசாமி, "இஸ்திரிப் பெட்டியக் கொண்டா" என்றான்.

"எதுக்கு?"

"கரி வேணும். சூடு காட்டுனாத்தான் இது வழிக்கு வரும்."

சிரட்டைக்கரியை ஊதி ஊதிச் சிவக்க வைத்து, இடுக்கியால் எடுத்து நட்டின் மேல் வைத்துப் பிடித்தான். மண்ணெண்ணெய் புகைந்தது. கரியைத் தள்ளிவிட்டு ஸ்பானரை மாட்டினான். ஸ்பானர் வாலில் ஒரு குழாயைச் செருகி, காலை அச்சில் உதைத்துக்கொண்டு இழுத்தான். கழுத்து நரம்பு புடைத்தது. நல்லம்மாள் தன்னையறியாமல் சேலை முந்தியைக் கடித்தாள்.

கீச்சென்று ஒரு சத்தம். பன்றியை அறுப்பது போல. பக்கத்துக் கோட்டர்ஸ் ஜெயராஜ் வேலிக்கு மேல் தலையை நீட்டி, "என்ன அண்ணே, கழண்டுருச்சா?" என்றான்.

"ம்."

நட்டு கழன்றதும் மற்றதெல்லாம் வரிசையாக வந்தது. சக்கரத்தை உருவிப் படுக்க வைத்தான். பிரேக் டப்பாவின் மூடியை நெம்பித் தூக்கினான். உள்ளே கறுப்புச் சேறு. அதைப் பார்த்ததும் அவன் கை நின்றுவிட்டது. விரலை விட்டுத் துழாவ வேண்டியதுதான் பாக்கி. ஆனால் எழுந்து போனான். குழாயடியில் நின்று முகத்தில் தண்ணீரை அடித்துக்கொண்டான். அடித்துக்கொண்டே நின்றான்.

சீதாலெட்சுமி உள்ளே டிரங்குப் பெட்டியை இழுக்கும் சத்தம் கேட்டது. நல்லம்மாள் கோழிக்கூட்டுக்குப் போய்த் திரும்ப நாலு எட்டு. சேற்றுக்குள் விரலை அழுத்தி எடுத்தாள். கையை முந்தியில் துடைத்தாள். ஒரு கோழி அவளையே பார்த்துக்கொண்டிருந்தது.

ரெங்கசாமி வந்து குந்தினான். சேற்றை வழித்து வாழையிலையில் போட்டான். மூன்றாம் வழிப்பில் விரல் நின்றது. பின்னை எடுத்து, வேட்டியில் துடைத்து, கண்ணுக்குக் கிட்டத்தில் பிடித்தான்.

"இருக்கா?" என்றாள் நல்லம்மாள். அவள் குரல் அவளுக்கே வேறு யாருடையதோ போல் இருந்தது.

பின்னைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். நன்றாகத் துரு ஏறியிருந்தது. அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் அதன் இரண்டு காலும் கடையில் வாங்கிய மேனிக்கு நேராக, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நின்றன. தலையைத் தூக்கி அவளைப் பார்த்தான். முந்தியில் அப்பியிருந்த கறுப்பைப் பார்த்தான். கோழிக்கூட்டைப் பார்த்தான்.

"மாமா?" சீதாலெட்சுமி அடுப்படி வாசலில், நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அவன் அவளுக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்தான். கருவிப் பையிலிருந்து குறட்டை எடுத்தான். பின்னின் ஒரு காலை இந்தப் பக்கம், மறு காலை அந்தப் பக்கம், பூப்போலப் பிடித்து விரித்தான். நல்லம்மாள் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். காலை விரிக்க வேண்டுமென்று அவளுக்குத் தெரியாது. பதினாறு வருஷம் பிட்டருக்குப் பொங்கிப் போட்டவள். அன்றைக்கு அவன் சொன்னதும் காதில் விழுந்ததுதான், மனசில் ஏறவில்லை. வீட்டிலிருக்கும் யாருக்கும் இனி எதுவும் தெரியாமல் இல்லை, அந்த ஒருத்தியைத் தவிர.

"இருக்கு தாயி," என்றான் ரெங்கசாமி. எழுந்து நின்று கையை நீட்டினான். "போட்டுத்தான் இருக்கேன்."

சீதாலெட்சுமி மெல்ல இறங்கி வந்தாள். பின்னை உள்ளங்கையில் வாங்கிக்கொண்டாள். ஸ்டேஷன் பக்கம், அப்பா வரும் கிள்ளான் ரயில் ஊதியது. அவள் நிமிரவில்லை. வாழை நிழலிலிருந்து விலகி, வெயிலில் கையை விரித்துப் பார்த்தாள். பின்னில் முழுக்கச் செந்துரு. கால்கள் மடங்கிய இடத்தில் மட்டும் துரு உதிர்ந்து, கடுகளவு இரும்பு, புத்தம்புதிதாக, வெள்ளையாக மினுங்கியது. அந்த இடத்தை அவள் கட்டைவிரலால் மெதுவாகத் தேய்க்க ஆரம்பித்தாள்.